502, 504, பிறகு டேட்டாபேஸ் பிழை: ஒரே காலையில் மூணும் வருது, எங்க பார்க்கணும்?

#1 குடமுருட்டி

நாச்சியார்கோயில் பித்தளை விளக்குக் கடை ஒன்றின் தளம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். மும்பை டேட்டா சென்டரில் 2 ஜிபி ராம், ஒரு சிபியு உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி 8.1 எஃப்பிஎம் (பிஎச்பி கோடை ஓட்டறது), மரியாடிபி (டேட்டாபேஸ்). முன்னால கிளவுட்ஃப்ளேர் (பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவுல நிக்கற சேவை).

கார்த்திகை தீபத்துக்கு முன்னால 3,000 பேருக்கு வாட்ஸ்அப்ல விலைப்பட்டியல் லிங்க் போகுது. காலை 11 மணிக்கு அனுப்பினா அஞ்சு நிமிஷத்துக்குள்ள 504, கூடவே 502. ஒரு வீடியோவைப் பார்த்து எஃப்பிஎம்ல மேக்ஸ் சில்ட்ரனை (ஒரே நேரத்துல ஓடற ஒர்க்கர் எண்ணிக்கையை) 5-லேர்ந்து 50 ஆக்கியாச்சு. 502 குறைஞ்சது. இப்ப "டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை"ன்னு வெள்ளைப் பக்கம். ரீபூட் பண்ணா கொஞ்ச நேரம் ஓடுது. சர்வரைப் பெருசாக்கணுமா?

#2 வெட்டாறு

ரீபூட்டை கிரான்ல (நேரம் குறிச்சுத் தானா ஓட்டறது) போட்டு ராத்திரி ராத்திரி ஓடவிடுங்க. ஃபோல்டருக்கெல்லாம் 777 அனுமதி (யாரும் எழுதலாம்) கொடுங்க. பாதிப் பிரச்சினை போயிடும்.

#3 கல்லணை

வெட்டாறு, ரெண்டுமே வேண்டாம். 777 ஏன் ஆகாதுன்னு கீழே யாராவது எழுதுவாங்க. ரீபூட்டைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். டிஸ்க்ல இருக்கற லாக் ரீபூட்ல அழியாது, சரி. ஆனா எந்த ப்ராசஸ் சிக்கி நின்னுது, எது எவ்வளவு ராம் பிடிச்சுது, எத்தனை பேர் வரிசைல காத்திருந்தாங்கங்கறதெல்லாம் போயிடும். காய்ச்சல் எவ்வளவுன்னு பார்க்கறதுக்கு முன்னாலயே மாத்திரை கொடுத்த மாதிரி.

குடமுருட்டி, எண் சொல்றது காரணத்தை இல்லை. யார் வாயிலேர்ந்து புகார் வருதுங்கறதைத்தான். கடைமடை வயல்ல தண்ணி இல்லைன்னா மேட்டூர்ல தண்ணி இல்லைன்னு அர்த்தமில்லை. நடுவுல எந்த மதகு மூடியிருக்கோ, எந்த வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கோ. உங்க சங்கிலி இது: கிளவுட்ஃப்ளேர், என்ஜின்எக்ஸ், எஃப்பிஎம், மரியாடிபி.

500: பிஎச்பி கோடே விழுந்துடுச்சு, இல்லைன்னா கான்ஃபிக் தப்பு. 502: என்ஜின்எக்ஸ் பின்னால இருக்கறவரைத் தொட முடியலை, இல்லைன்னா அவர் பாதிப் பேச்சுல எழுந்து போயிட்டார். 503: "இப்ப முடியாது, அப்புறம் வா"ன்னு தெரிஞ்சே சொல்றது. 504: பின்னால ஆள் இருக்கார், நேரத்துக்குள்ள பதில் சொல்லலை. 520-லேர்ந்து 526 வரைக்கும் இருக்கறது கிளவுட்ஃப்ளேரோட சொந்த எண்கள். அது எந்தத் தரநிலைலயும் கிடையாது, என்ஜின்எக்ஸ் லாக்ல தேடினா கிடைக்காது.

டேட்டாபேஸ் பக்கத்துக்குத் தனி எண் இல்லை. வேர்ட்பிரஸ் அதை 500-ஆ அனுப்புது.

முதல்ல கிளவுட்ஃப்ளேரைச் சுத்திக்கிட்டுப் போய்ப் பாருங்க. கர்ல்ங்கற கமாண்ட்ல ரிசால்வ் ஆப்ஷன் இருக்கு. அதுல டொமைனையும் 443-ஐயும் சர்வரோட நேர் ஐபியையும் கொடுத்தா கோரிக்கை நேரா உங்க பெட்டிக்கே போகும். அங்கயும் அதே எண் வந்தா கிளவுட்ஃப்ளேரை மறந்துடலாம்.

பிறகு மூணு லாக்: என்ஜின்எக்ஸ் எரர் லாக், எஃப்பிஎம் லாக், ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே (கர்னல் லாக்). ஒரு விஷயம் கவனம், விபிஎஸ் பெரும்பாலும் யூடிசி நேரத்துல (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால) இருக்கும். காலை 11 மணிப் பிழையை 05:30-ல தேடணும். "லாக்ல ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்றவங்கள்ல பலர் தப்பான மணி நேரத்துல தேடறவங்கதான்.

#4 குடமுருட்டி

பார்த்துட்டேன். 5 இருந்த நாள்ல எஃப்பிஎம் லாக்ல "மேக்ஸ் சில்ட்ரன் எல்லையைத் தொட்டாச்சு, கூட்டிப் பாருங்க"ங்கற மாதிரி ஒரே வரி திரும்பத் திரும்ப. என்ஜின்எக்ஸ்ல அடைப்புக்குறிக்குள்ள 110 போட்ட வரி நிறைய, 11 போட்டது கொஞ்சம்.

50 ஆக்கினதுக்கு அப்புறம் கர்னல் லாக்ல 05:34-க்கு "அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்", பக்கத்துல மரியாடிபியோட பேர். எஃப்பிஎம் ஒர்க்கர் ஒவ்வொண்ணும் டாப்ல 110 எம்பி காட்டுது.

#5 வெண்ணாறு

அந்த அடைப்புக்குறி எண்தான் முக்கியம் தம்பி. 502 வந்தா உடனே அதைப் பாருங்க.

2-ன்னா சாக்கெட் ஃபைலே (என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கற வழி) இல்லை. பிஎச்பி 8.1-லேர்ந்து 8.3-க்கு ஏத்திட்டு என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல பழைய சாக்கெட் பேரை மாத்தாம விட்டா இதுதான். 13-ன்னா சாக்கெட் இருக்கு, அனுமதி இல்லை. எஃப்பிஎம் பூல் ஃபைல்ல லிசன் ஓனர், லிசன் குரூப் ரெண்டும் என்ஜின்எக்ஸ் ஓடற யூசரா இருக்கணும். அல்மாலினக்ஸ் மாதிரி எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இருக்கற இடத்துல பின்னால நோட் ஆப்புக்கு ப்ராக்ஸி விட்டாலும் இதே 13 வரும், அங்க எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்ங்கற பூலியனை ஆன் பண்ணணும். 111-ன்னா பின்னால யாருமே கேட்டுட்டு இல்லை, சர்வீஸ் செத்திருக்கு. 11-ன்னா ஆள் இருக்கார், ஆனா காத்திருக்கற வரிசையே நிரம்பிடுச்சு. லினக்ஸ்ல எஃப்பிஎம்மோட வரிசை நீளம் இயல்பா 511. 110-ன்னா வரிசைல சேர்த்துக்கிட்டாங்க, 60 நொடி ஆயிடுச்சு, பதில் வரலை. என்ஜின்எக்ஸோட இயல்பான ரீட் டைம்அவுட் 60 நொடி. அதுதான் உங்க 504.

இனி 50-க்கு வருவோம். 110 எம்பின்னு பார்த்தது ஆர்எஸ்எஸ் (பகிர்ந்ததையும் முழுசாச் சேர்த்த ராம் கணக்கு). அதுல ஓப்கேஷோட (தயார் பண்ணி வச்ச பிஎச்பி கோட்) பகிர்ந்த நினைவகம் ஒவ்வொரு ஒர்க்கர் கணக்குலயும் திரும்பத் திரும்ப ஏறியிருக்கும். எஸ்மெம் நிறுவி பிஎஸ்எஸ் (பகிர்ந்ததைப் பங்கு பிரிச்ச கணக்கு) பத்தியைப் பாருங்க. வூகாமர்ஸுக்கு 80 எம்பி பக்கம் வரலாம். 80-னே வச்சாலும் 50 ஒர்க்கருக்கு 4,000 எம்பி. உங்ககிட்ட இருக்கறதே 2,048. கர்னல் என்ன பண்ணும்? இருக்கறதுலயே பெருசா உட்கார்ந்திருக்கறவரைப் பார்த்து வெட்டும். அது பெரும்பாலும் டேட்டாபேஸ். அதனால 50 போட்டது 502-ஐத் தீர்க்கலை, பழியைத் தூக்கி மரியாடிபி தலையில வச்சுது.

கணக்கு இப்படிப் போடுங்க: மரியாடிபிக்கு 450, சிஸ்டம், என்ஜின்எக்ஸ், மத்ததுக்கு 400, கைல 300. மிச்சம் 900 எம்பி பக்கம். 80-ஆல வகுத்தா 11. பத்துன்னு வைங்க. மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் 500 போடுங்க. ஏதாவது ப்ளகின் நினைவகத்தைக் கசியவிட்டா 500 கோரிக்கைக்கு ஒருதரம் அந்த ஒர்க்கர் புதுசாப் பிறக்கும்.

#6 அரசலாறு

வெண்ணாறு அக்கா ராம் கணக்கு சரி. ஆனா பத்து ஒர்க்கர் போட்டா பிரச்சினை தீராது, ஏன்னா இவருக்கு ஒரே சிபியு.

ஒரு பக்கம் உருவாக 1.6 நொடி ஆகுதுன்னு வச்சுக்குவோம். அதுல சிபியு நிஜமா வேலை செய்யறது 0.6 நொடி, மிச்சம் டிஸ்க்குக்கும் வெளி ஏபிஐக்கும் காத்திருப்பு. அப்ப ஒரு சிபியு நொடிக்கு 1.67 பக்கம்தான் கொடுக்கும். ஒர்க்கர் பத்தோ ஐம்பதோ, அதுக்கு மேல ஒரு பக்கம் வராது. ஒரே மதகுல பத்து வாய்க்கால் வெட்டின கதை.

3,000 பேர்ல 600 பேர் முதல் அஞ்சு நிமிஷத்துல திறந்தா நொடிக்கு 2. 300 நொடில வர்றது 600, கொடுக்க முடியறது 500. நூறு பேர் வரிசைல. கடைசி ஆள் காத்திருக்கறது 100-ஐ 1.67-ஆல வகுத்தா 60 நொடி. சரியா அந்த 60-லதான் 504 விழுது. இதுல ரெஃப்ரெஷ் அடிக்கறவங்களைச் சேர்க்கவே இல்லை. ஆள் காத்திருந்து மூடிட்டா என்ஜின்எக்ஸ் அக்ஸஸ் லாக்ல 499-ன்னு பதியும். ஆனா பிஎச்பிக்கு அது தெரியாது. போனவருக்கும் சேர்த்து முழுப் பக்கத்தையும் சமைச்சுக்கிட்டிருக்கும். வரிசை 511-ஐத் தொடறது இப்படித்தான்.

இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். உங்க நிஜ எண் வேணும்னா எஃப்பிஎம்மோட அக்ஸஸ் ஃபார்மேட்ல சிபியு சதவீதமும் நேரமும் சேர்க்கலாம். ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட் 3 நொடின்னு வச்சா, அதைத் தாண்டற ஒவ்வொரு கோரிக்கையும் எந்த ஃபங்ஷன்ல நிக்குதுன்னு ஃபைல் பேரோட எழுதும். பல நேரம் அது டேட்டாபேஸா இருக்காது. ஏதோ ஒரு ப்ளகின் லைசென்ஸ் சரிபார்க்க வெளி சர்வரைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கும்.

தீர்வு கேஷ். வாட்ஸ்அப்ல வர்ற 600 பேரும் திறக்கறது ஒரே விலைப்பட்டியல் பக்கம். அதை ஒவ்வொருத்தருக்கும் தனியா வடிக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸ்ல ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் ஆன் பண்ணி 60 நொடி போடுங்க. கேஷ் லாக் ஆன் பண்ணுங்க, அப்பத்தான் பக்கம் இன்னும் கேஷ்ல ஏறாத நொடில பத்து பேர் ஒண்ணா வந்தாலும் ஒரே ஒரு கோரிக்கை பிஎச்பிக்குப் போகும். யூஸ் ஸ்டேல்ல எரர், டைம்அவுட், அப்டேட்டிங் மூணையும் சேருங்க. பின்னால பிஎச்பி விழுந்தாலும் பழைய பக்கம் போகும்.

கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூணு பக்கத்தையும் கேஷ் பண்ணவே கூடாது. வூகாமர்ஸ் ஐட்டம்ஸ் இன் கார்ட்ங்கற குக்கி இருந்தாலோ, லாகின் குக்கி இருந்தாலோ கேஷைத் தாண்டிப் போகணும். இதை மறந்தா ஒருத்தர் கூடைல இருக்கற விளக்கு இன்னொருத்தர் திரைல தெரியும், முகவரியோட.

#7 கொள்ளிடம்

2 ஜிபி ஸ்வாப் (டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்தறது) போட்டா ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கொலை நிக்குமே, அதை யாரும் சொல்லலையே?

#8 வெண்ணாறு

நிக்கும். ஆனா 50 ஒர்க்கரோட ஸ்வாப் போட்டா சாவு நின்னு கோமா வரும். எல்லாம் டிஸ்க்ல ஏறி இறங்கி, லோடு 40-க்குப் போய், எஸ்எஸ்எச்-கூட திறக்காது. 502 எல்லாம் 504 ஆகும், அவ்வளவுதான். ஒர்க்கரைப் பத்தாக்கிட்டு 1 ஜிபி ஸ்வாப், ஸ்வாப்பினஸ் 10 வைங்க. எதிர்பாராத ஒரு முட்டுக்கு மெத்தை மாதிரி, அதுக்கு மேல நம்பக்கூடாது.

#9 அரசலாறு

நான் ஸ்வாப்பே வேண்டாம்கற கட்சி. செத்தா சீக்கிரம் சாகட்டும். சிஸ்டம்டில மரியாடிபி யூனிட்டுக்கு ரீஸ்டார்ட் ஆன் ஃபெயிலியர் போட்டு, ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் மைனஸ் 600 கொடுத்தா கர்னல் பிஎச்பி ஒர்க்கரை முதல்ல வெட்டும், டேட்டாபேஸைத் தொடாது. எஃப்பிஎம் யூனிட்ல ஓஓஎம் பாலிசியை கன்டினியூன்னு வச்சா, ஒரு ஒர்க்கர் போனா ஒருத்தருக்கு மட்டும் 502. டேட்டாபேஸ் போனா ஊருக்கே.

#10 வெண்ணாறு

அந்த ஓஓஎம் ஸ்கோர் யோசனை நல்லது, ஒத்துக்கறேன். ஸ்வாப்ல ஒத்துக்கலை.

#11 மன்னை_ஹரித்ராநதி

இடையில ஒரு கேள்வி. எங்களுது ஷேர்டு ஹோஸ்டிங், சிபேனல். எந்தக் கான்ஃபிக்கும் தொட முடியாது. ஒரு ப்ளகின் அப்டேட்டுக்கு அப்புறம் 500, சில நாள் 508. என்ன வழி?

#12 கல்லணை

508 முதல்ல. தரநிலைப்படி அது வெப்டாவ்ல லூப்பைக் குறிக்கற எண். ஆனா ஷேர்டு ஹோஸ்டிங்ல கிளவுட்லினக்ஸ் அதையே "உன் பங்கு முடிஞ்சுது"ன்னு சொல்ல எடுத்துக்கிட்டிருக்கு. முறைவைச்சு விடற தண்ணில உங்க முறை தீர்ந்துடுச்சு. சிபேனல்ல ரிசோர்ஸ் யூசேஜ் திறந்தா எது முட்டுதுன்னு தெரியும்: சிபியுவா, நினைவகமா, என்ட்ரி ப்ராசஸா. என்ட்ரி ப்ராசஸ்னா ஒரே நேரத்துல உள்ள நுழைஞ்சிருக்கற பிஎச்பி கோரிக்கை. அது முட்டறதுக்கு வழக்கமான காரணம் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலை பாட் (தானா ஓடற நிரல்) அடிக்கறதும், டபிள்யூபி கிரான் (வேர்ட்பிரஸோட நேரம் குறிச்ச வேலைகள்) ஒவ்வொரு வருகைக்கும் ஓடறதும். முதலாவதை எச்டிஅக்ஸஸ்ல (அப்பாச்சி வெப் சர்வரோட ஃபோல்டர் கான்ஃபிக் ஃபைல்) தடுங்க. ரெண்டாவதை டபிள்யூபி கான்ஃபிக்ல நிறுத்திட்டு சிபேனல் கிரான்ல 15 நிமிஷத்துக்கு ஒருதரம் வைங்க.

500-க்கு யூகிக்காதீங்க. டபிள்யூபி கான்ஃபிக்ல டிபக், டிபக் லாக் ரெண்டையும் ட்ரூ, டிபக் டிஸ்ப்ளேயை ஃபால்ஸ். அப்புறம் டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டர்ல டிபக்.லாக் திறங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஃபைலை அழிச்சுடுங்க, அது வெளி உலகத்துக்கும் திறந்திருக்கும்.

அதுல 268435456-ன்னு பெரிய எண் கண்ணுல பட்டா பயப்பட வேண்டாம், அது 256 எம்பி. 134217728-ன்னா 128 எம்பி. மெமரி லிமிட் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். ப்ளகின் பேர் தெரிஞ்சா அந்த ஃபோல்டர் பேரோட ஒரு எழுத்தை மாத்துங்க, வேர்ட்பிரஸ் அதைத் தானா அணைச்சுடும். 5.2 பதிப்புலேர்ந்து நிர்வாகி மெயிலுக்கு ரெகவரி லிங்கும் வரும். ஆனா மெயில் அனுப்பறதே சரியா அமையாத ஹோஸ்டிங்ல அது வந்து சேராது.

#13 வெண்ணாறு

டிபக்.லாக் காலியா இருந்து 500 வந்தா அது பிஎச்பிக்கு முன்னாலயே விழுந்திருக்கு. எச்டிஅக்ஸஸ் ஃபைலைப் பேர் மாத்திப் பாருங்க. தளம் எழுந்தா குற்றவாளி அதுதான். பெர்மாலிங்க் அமைப்புல போய் சும்மா சேவ் அடிச்சா வேர்ட்பிரஸ் புதுசா எழுதிக்கும். பழைய டுடோரியல்ல பார்த்து பிஎச்பி வேல்யூன்னு ஒரு வரி அதுல போட்டிருப்பாங்க. எஃப்பிஎம்ல ஓடற இடத்துல அப்பாச்சிக்கு அந்த வரி புரியாது, உடனே 500. அதையே யூசர்.ஐஎன்ஐ ஃபைல்ல போடணும். போட்டதும் வேலை செய்யலைன்னு குழம்பாதீங்க, அது 300 நொடி கேஷ்ல இருக்கும். அஞ்சு நிமிஷம் ஒரு காபி.

777 விஷயம்: உங்க யூசராவே பிஎச்பி ஓடற ஷேர்டு ஹோஸ்டிங்ல, ஊருக்கே எழுதற உரிமை இருக்கற ஃபைலை சூஎக்ஸெக் ஓட்ட மறுக்கும். அதுவே 500. ஃபோல்டர் 755, ஃபைல் 644. கேட்டவருக்கு 500 இல்லாத இடத்துல 500-ஐ வரவழைக்கற அறிவுரை அது. மன்னிக்கணும் வெட்டாறு.

#14 வெட்டாறு

மன்னிச்சாச்சு. 😀 ஆனா ரீபூட் பண்ணா நிஜமாவே சரியாகுதே, அது எப்படி?

#15 அரசலாறு

வரிசை காலியாகும், செத்த மரியாடிபி எழும், டெலீட் பண்ணியும் திறந்தே கிடக்கற ஃபைல் மூடும். அந்தக் கடைசி விஷயம் சுவாரசியம். லாக் பெருத்து டிஸ்க் 100 சதவீதம் ஆகி, ஆர்எம் அடிச்சு அழிச்சும் டிஎஃப்-ல (டிஸ்க் இடம் காட்டற கமாண்ட்) இடம் திரும்பலைன்னா, ஏதோ ப்ராசஸ் அதைக் கைல வச்சிருக்கு. எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 காட்டும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீலோடு பண்ணா போதும். லாக்கை ஆர்எம் பண்ணாம ட்ரன்கேட் (ஃபைலை வச்சுக்கிட்டு உள்ள இருக்கறதை மட்டும் காலி) பண்ணியிருந்தா இந்த வம்பே இல்லை.

டிஎஃப் மைனஸ் எச்-ல இடம் இருக்கு, ஆனா "இடம் இல்லை"ங்கற பிழை வருதா? டிஎஃப் மைனஸ் ஐ போடுங்க. ஐநோடு (ஃபைலுக்கு ஒண்ணுன்னு ஒதுக்கற பதிவு) தீர்ந்திருக்கும். லட்சக்கணக்குல சின்னச் சின்ன ஃபைல் எழுதற கேஷ் ப்ளகின்தான் வழக்கமா மாட்டும்.

#16 குடமுருட்டி

ஒர்க்கர் 10, கேஷ் 60 நொடி, ஓஓஎம் ஸ்கோர் மைனஸ் 600, ஸ்வாப் 1 ஜிபி, நாலையும் போட்டாச்சு. (அரசலாறு அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம்.) அக்ஸஸ் லாக்ல கேஷ் ஹிட், மிஸ் பதியற மாதிரி ஒரு பத்தி சேர்த்தேன், விலைப்பட்டியல் பக்கம் பெரும்பாலும் ஹிட்.

ஒரு சந்தேகம். பழைய 504 நேரத்துல பணம் கட்டின சிலருக்கு ஆர்டர் ரெண்டு தரம் விழுந்திருக்கு. அது எப்படி?

#17 வெண்ணாறு

504-ன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தமில்லை, இதைப் பலர் கவனிக்கறதில்லை. என்ஜின்எக்ஸ் 60 நொடில கைவிட்டுது. பிஎச்பி உள்ள ஆர்டரை எழுதிக்கிட்டே இருந்துது. வாங்கறவர் பிழையைப் பார்த்து திரும்ப அமுக்கினார். ரெண்டு ஆர்டர். பிஎச்பியோட மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் 30 நொடின்னு இருந்தாலும் காப்பாத்தாது, லினக்ஸ்ல அது டேட்டாபேஸுக்கோ வெளி ஏபிஐக்கோ காத்திருக்கற நேரத்தைக் கணக்குல சேர்க்காது. எஃப்பிஎம்மோட ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்தான் கடிகாரத்தைப் பார்த்து வெட்டும். ஆனா செக்அவுட் நடுவுல வெட்டினா பாதி எழுதின ஆர்டர் நிக்கும், அதனால 55 நொடிக்குக் கீழ இறக்காதீங்க.

பணம் வந்துச்சா இல்லையாங்கறதை வாங்கறவர் பிரவுசர் திரும்பி வர்றதை வச்சு முடிவு பண்ணக்கூடாது. பேமென்ட் கேட்வே அனுப்பற வெப்ஹுக்கை (நேரா உங்க சர்வருக்கே வர்ற தகவல்) வச்சு முடிவு பண்ணணும். வெப்ஹுக்கும் ஒரே தகவலை ரெண்டு தரம் அனுப்பும், உங்ககிட்டேர்ந்து 200 வரலைன்னா. அதனால பரிவர்த்தனை எண்ணை யூனிக் கீயா வச்சு, ஏற்கெனவே பார்த்த எண்ணா இருந்தா சும்மா 200 சொல்லிட்டு விடணும்.

#18 கோடியக்கரை

எங்க அலுவலகத்துல சர்வரே உள்ளதான். வேதாரண்யம் பக்கம். மின்சாரம் போய் வந்தா கிளவுட்ஃப்ளேர்ல சில சமயம் 521, சில சமயம் 522. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

#19 கல்லணை

521-ன்னா கதவைத் தட்டினதும் உள்ளேர்ந்து "போ"ன்னு பதில் வந்துடுச்சு. மெஷின் எழுந்திருக்கு, என்ஜின்எக்ஸ் எழலை. சிஸ்டம்சிடிஎல்ல எனேபிள் ஆகியிருக்கான்னு பாருங்க, ஸ்டார்ட் மட்டும் பண்ணி விட்டிருப்பீங்க. 522-ன்னா தட்டினா சத்தமே இல்லை. மின்சாரம் போய் வந்ததும் மோடத்துக்குப் புது ஐபி கிடைச்சிருக்கும், கிளவுட்ஃப்ளேர் பழைய வீட்டைத் தட்டிக்கிட்டிருக்கும். நிலையான ஐபி வாங்கணும், இல்லைன்னா கிளவுட்ஃப்ளேர் டனல் போடணும். டனல் உள்ளேர்ந்து வெளிய போற இணைப்பு, ஐபி மாறினாலும் கவலையில்லை, சிஜிநாட் (பல பேருக்கு ஒரே பொது ஐபி) பின்னால இருந்தாலும் ஓடும்.

யுபிஎஸ்ஸோட யுஎஸ்பி கேபிளை சர்வர்ல சொருகி நட்ங்கற மென்பொருளை நிறுவுங்க. பேட்டரி குறையும்போது தானா ஒழுங்கா அணைக்கும். இன்னோடிபி டேபிள் திடீர் மின்வெட்டைத் தாங்கி எழுந்துக்கும், பழைய மைஐஎஸ்ஏஎம் டேபிள் "கிராஷ்டு"ன்னு குறிபட்டு நிக்கும், அதை இன்னோடிபிக்கு மாத்திடுங்க. 2018 நவம்பர் 16 கஜாவுக்கு அப்புறம் உங்க பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகைல வெளிய போற ஆர்டர் பக்கத்தையாவது டேட்டா சென்டர்ல வைங்க.

#20 கோடியக்கரை

என்ஜின்எக்ஸ் எனேபிள் ஆகலை, அதேதான். ஆனா இப்ப மின்சாரம் போகாமலே சிலருக்கு மட்டும் 522, மத்தவங்களுக்குத் தளம் திறக்குது.

#21 அரசலாறு

ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தப்பா லாகின் பண்ற ஐபியைப் பூட்டறது) போட்டிருக்கீங்களா? கிளவுட்ஃப்ளேர் பின்னால இருக்கறப்ப என்ஜின்எக்ஸ் லாக்ல பார்வையாளர் ஐபிக்குப் பதிலா கிளவுட்ஃப்ளேர் ஐபிதான் பதியும். யாரோ ஒரு பாட் லாகின் பக்கத்தை அடிச்சா ஃபெயில்2பேன் பூட்டறது அந்த பாட்டை இல்லை, கிளவுட்ஃப்ளேரோட ஒரு முனையை. அந்த முனை வழியா வர்ற நல்லவங்க எல்லாருக்கும் 522.

செட் ரியல் ஐபி ஃப்ரம் வரிகள்ல கிளவுட்ஃப்ளேர் வெளியிட்டிருக்கற ஐபி வரம்புகளைப் போடுங்க, ரியல் ஐபி ஹெட்டர்ல சிஎஃப் கனெக்டிங் ஐபி. ஃபெயில்2பேனோட இக்னோர் ஐபிலயும் அதே வரம்புகள். ஆனா அப்புறம் பாட்டோட நிஜ ஐபியை உங்க ஃபயர்வால்ல பூட்டிப் பயனில்லை, அது உங்க கதவுக்கு நேரா வர்றதில்லை. ஃபெயில்2பேன்ல கிளவுட்ஃப்ளேர் ஆக்‌ஷன் இருக்கு, ஏபிஐ வழியா அங்கயே பூட்டும்.

#22 கோடியக்கரை

பேன் ஆன பட்டியல்ல ஏழு ஐபி, ஏழும் கிளவுட்ஃப்ளேரோடது. எடுத்துட்டேன், 522 நின்னுது. ரியல் ஐபி வரிகளை இன்னிக்கு ராத்திரி போடறேன்.